மனமொத்த விவாகரத்து: ஃப்ளாட், கடன், நகை – எதை முதலில் முடிப்பது?

வெள்ளைத்தாள்

மன்ற நண்பர்களுக்கு வணக்கம். சண்டை இல்லாமல் பிரிய முடிவெடுத்த ஒரு தம்பதியின் கணக்கைக் கீழே வைக்கிறேன். அடையாளம் தெரியாதபடி தொகைகளை மாற்றியிருக்கிறேன்.

இந்துத் திருமணம், பதிவு செய்தது, 9 வருடம். 6 வயதில் ஒரு மகள். 14 மாதமாகத் தனித்தனியே இருக்கிறார்கள். இருவரும் சம்பளக்காரர்கள். மேடவாக்கத்தில் இருவர் பெயரிலும் ஒரு ஃப்ளாட்: 2018-இல் பத்திரச் செலவு உட்பட 58 லட்சம். முன்பணம் 14 லட்சத்தில் 8 கணவரின் சேமிப்பு, 6 மனைவியின் அப்பா கொடுத்தது. மீதி 44 லட்சம் வங்கிக் கடன், இருவரும் கையெழுத்துப் போட்டது. இன்றைக்கு விற்றால் 82 லட்சம் வரும். கடன் பாக்கி 36. கல்யாணத்துக்குப் பிறகு சேர்ந்த பிஎஃப் கணவருக்கு 11 லட்சம், மனைவிக்கு 6. நகை 62 பவுன், அதில் 20 பவுன் கணவர் பெயரில் அடகில் இருக்கிறது.

ஃப்ளாட் மனைவிக்கு, கணவரின் பங்குக்குப் பணம் என்று பேசியாயிற்று. "முதலில் கோர்ட்டில் தீர்ப்பு வாங்கிவிடலாம், பத்திரத்தை அப்புறம் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார்கள். இந்த வரிசை சரியா? எவ்வளவு பணம் என்பதையும் எப்படிக் கணக்கிடுவது?

சாட்சிக்கூண்டு

வரிசை தவறு. ஏன் என்பதைப் பத்திர விஷயம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். நீதிமன்ற நடைமுறையை மட்டும் சொல்கிறேன்.

இந்துத் திருமணச் சட்டம் 1955, பிரிவு 13-பி. ஒரு வருடமாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும், இனிச் சேர்ந்து வாழ முடியாது என்று இருவரும் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். 'பிரிந்து' என்றால் தனி வீட்டில் இருந்தே ஆகவேண்டும் என்றில்லை. ஒரே கூரைக்குக் கீழே இருந்தாலும் கணவன் மனைவியாக வாழவில்லை என்றால் போதும் என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே சொல்லிவிட்டது. இருவரும் சேர்ந்து ஒரே மனுவாகப் போட வேண்டும். கல்யாணம் நடந்த ஊர், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர், எதில் வேண்டுமானாலும் போடலாம். சென்னை என்றால் உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள குடும்ப நல நீதிமன்றம். திருமணச் சான்று, அழைப்பிதழ், திருமணப் படம், இருவரின் ஆதார், முகவரிச் சான்று ஆகியவற்றைக் கையில் வைத்திருங்கள்.

மனு போட்ட தேதியிலிருந்து 6 மாதம் கழித்து, 18 மாதத்துக்குள், இருவரும் மறுபடி வந்து "முடிவில் மாற்றமில்லை" என்று சொல்ல வேண்டும். அப்போதுதான் தீர்ப்பு. இந்த 6 மாதத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் அமர்தீப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது எல்லோருக்கும் தெரியும். அதன் நிபந்தனைகள்தான் பலருக்குத் தெரியாது: மனு போடும் முன்பே ஒன்றரை வருடப் பிரிவு முடிந்திருக்க வேண்டும், சமரச முயற்சி தோற்றிருக்க வேண்டும், ஜீவனாம்சம், குழந்தை, சொத்து எல்லாமே பேசித் தீர்ந்திருக்க வேண்டும். இவர்களுக்கு 14 மாதம்தான் ஆகியிருக்கிறது. 18 மாதம் வரை காத்திருந்து போட்டுத் தள்ளுபடி கேட்பதும், இன்றே போட்டு 6 மாதம் காத்திருப்பதும் முடிவில் ஓரிரு மாத வித்தியாசம்தான். இன்றே போடுவது நல்லது. அந்த 6 மாதம் வீண் காத்திருப்பு இல்லை. வங்கிக்கும் பதிவு அலுவலகத்துக்கும் அது தேவைப்படும்.

பத்திரக்கட்டு

சாட்சிக்கூண்டு தொட்ட இடத்திலிருந்து பிடிக்கிறேன்.

தமிழ்நாட்டில் குடும்ப உறுப்பினர்களுக்குள் எழுதும் விடுதலைப் பத்திரத்துக்கும் (கூட்டுச் சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுத்து எழுதுவது) தான செட்டில்மென்டுக்கும் (சொத்தைத் தானமாக எழுதிவைப்பது) சலுகைக் கட்டணம்: முத்திரைத் தீர்வை 1%, அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1%, அதிகபட்சம் 10,000. 2023 ஜூலையில் இந்த உச்சவரம்புகளை உயர்த்தினார்கள், அதற்கு முன் 25,000-மும் 4,000-மும். கணவன் மனைவி 'குடும்பம்' என்ற சொல்லுக்குள் வருவார்கள். தீர்ப்பு வந்த மறுநாள் அவர்கள் கணவன் மனைவி இல்லை. அப்புறம் எழுதினால் வெளியாருக்கு எழுதுகிற மாதிரி 7% முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் தனி.

கணவரின் பாதிப் பங்குக்கு வழிகாட்டி மதிப்பு (பதிவுக்காக அரசு நிர்ணயிக்கும் விலை) 30 லட்சம் என்று வையுங்கள். தீர்ப்புக்கு முன்: 30,000 + 10,000 = 40,000. தீர்ப்புக்குப் பின்: முத்திரைத் தீர்வை மட்டுமே 2,10,000. நிதானமாகப் பார்த்துக்கொள்வதற்கு இவ்வளவு விலை.

இன்னொன்று. "கோர்ட் தீர்ப்பிலேயே வீடு மனைவிக்கு என்று எழுதிவிட்டார்களே, தனியாகப் பத்திரம் எதற்கு?" என்று கேட்பவர்கள் நிறைய. விவாகரத்து மனுவில் கேட்கப்பட்டது திருமணத்தை ரத்து செய்வது. வீடு அந்த வழக்கின் வழக்குச் சொத்து இல்லை. தீர்ப்பில் ஒரு வரி இருப்பதால் வில்லங்கச் சான்றில் (சொத்தின் பதிவு வரலாற்றைக் காட்டுவது) பெயர் மாறாது. பத்து வருடம் கழித்து விற்கப் போகும்போது வாங்குபவரின் வக்கீல் முன்னாள் கணவரின் கையெழுத்தைக் கேட்பார், அப்போது அவர் எந்த நாட்டில் இருப்பாரோ. பதிவு செய்த விடுதலைப் பத்திரம்தான் வழி. அதில் ஃப்ளாட், பிரிக்கப்படாத நிலப் பங்கு, கார் நிறுத்துமிடம் மூன்றையும் மூலப் பத்திரத்தில் உள்ள சொத்து விவரப்படியே எழுதுங்கள். கார் நிறுத்துமிடம் விட்டுப்போவது அடிக்கடி நடக்கிற பிழை.

வெள்ளைத்தாள்

நன்றி. ஆனால் தீர்ப்புக்கு முன்பே கணவர் எழுதிக் கொடுத்துவிட்டு, அதன்பின் மனைவி மனம் மாறிக் கோர்ட்டுக்கு வராவிட்டால்? அதேபோல மனைவி பணத்தைக் கொடுத்த பிறகு கணவர் வராவிட்டால்?

சாட்சிக்கூண்டு

நியாயமான பயம். தீர்ப்புச் சொல்லும் நிமிடம் வரை யாரும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். முன்பு சொன்ன அதே 1991 வழக்கு இதையும் தீர்மானித்தது. ஒருவரை இழுத்துவந்து சம்மதம் சொல்ல வைக்க எந்த நீதிமன்றத்தாலும் முடியாது.

அதனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் ஒரே கையில் கொடுத்துவிடாமல் படிகளாகப் பிரிப்பதுதான் வழக்கம். ஒப்பந்த விதிகள் எல்லாம் மனுவோடு சேர்த்துத் தாக்கலாகும். மொத்தத் தொகையில் கால் பங்கு மனு தாக்கலின்போது. விடுதலைப் பத்திரப் பதிவு, இரண்டாம் முறை ஆஜராகும் தேதிக்கு முந்தைய வாரத்தில், பெரும்பங்குத் தொகைக்கான டிடி (வங்கி வரைவோலை) கைமாறும்போது. மீதி ஒரு சிறு பங்கு டிடியாக நீதிமன்றத்திலேயே நீதிபதி முன்னிலையில், குறிப்பில் ஏறும்படி. "இரண்டாம் முறை ஆஜராகும் தேதியில் சம்மதம் தராதவர் பெற்ற தொகையை இத்தனை நாளுக்குள் திருப்ப வேண்டும், பெற்ற பங்கைத் திரும்ப எழுதித்தர வேண்டும்" என்று ஒரு விதியும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

காசோலை வேண்டாம். ரொக்கம் வேண்டவே வேண்டாம். டிடி எண்ணும் தேதியும் மனுவிலும் பத்திரத்திலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

வட்டிக்கணக்கு

கடனைப் பற்றி யாரும் பேசவில்லையே. இந்த இழையிலேயே பெரிய பள்ளம் அதுதான்.

நீதிமன்றம் "இனி இஎம்ஐ மனைவி கட்டுவார்" என்று எழுதினாலும் அது வங்கியைக் கட்டுப்படுத்தாது. வங்கி அந்த வழக்கில் தரப்பே இல்லை. கடன் பத்திரத்தில் இருவரும் சேர்ந்தும் தனித்தனியாகவும் பொறுப்பு. மனைவி ஒரு தவணை தவறினால் கணவரின் சிபில் மதிப்பெண்ணும் (கடன் நாணயத்துக்கான மதிப்பெண்) சேர்ந்தே விழும். அவர் நாளைக்கு வேறு வீட்டுக்குக் கடன் கேட்டால் இந்த 36 லட்சமும் அவர் தலையில் இருப்பதாகவே கணக்கிடுவார்கள்.

இணைக் கடன்தாரரை நீக்குவது ஒரு விண்ணப்பத்தில் முடிகிற வேலை இல்லை. மிச்சமிருப்பவரின் சம்பளத்தை மட்டும் வைத்துப் புதுக் கடன் மாதிரியே தகுதி பார்ப்பார்கள். இங்கே 36 லட்சம் பாக்கியோடு கணவருக்குக் கொடுக்க 20 லட்சம் கூடுதல் கடன் என்று வைத்தால் 56 லட்சம். 8.5% வட்டி, 15 வருடம் என்றால் லட்சத்துக்கு மாதம் சுமார் 985 ரூபாய், ஆக இஎம்ஐ 55,160. கையில் வரும் சம்பளத்தில் பாதிக்கு மேல் இஎம்ஐ போகக் கூடாது என்று பார்த்தால் மனைவிக்கு மாதம் சுமார் 1,10,000 ரூபாயாவது வர வேண்டும். அது வராவிட்டால் "ஃப்ளாட் மனைவிக்கு" என்று பேசி முடித்ததே நிற்காது. விற்றுப் பிரிப்பதுதான் மரியாதை. இதை மனு எழுதும் முன்பே வங்கியில் கேட்டுவிடுங்கள்.

மூலப் பத்திரம் வங்கியிடம் இருக்கும், வில்லங்கச் சான்றில் அடமானப் பதிவும் இருக்கும். ஆகவே வங்கியின் சம்மதக் கடிதத்தை வாங்கிக்கொண்டுதான் விடுதலைப் பத்திரம் எழுத வேண்டும். வேறு வங்கிக்கு மாற்றுகிறார்கள் என்றால் பழைய அடமானம் தீர்ந்ததற்கான ரசீது ஆவணம் பதிவாகிவிட்டதா என்று பாருங்கள். கடன் முடிந்தும் வில்லங்கச் சான்றில் அடமானம் தொங்குகிற ஃப்ளாட்டுகள் ஏராளம்.

நடுவீதி

சமரசப் பேச்சுகளில் பயன்படும் முறையில் தொகையைப் போடுகிறேன். முதலில் ஒரு அடிப்படை: இந்தியாவில் (கோவாவைத் தவிர்த்து) திருமணமானதாலேயே சொத்து பாதிப் பாதி ஆகிவிடாது. யார் பெயரில் இருக்கிறதோ அவருடையது. வீட்டு வேலையையும் பங்களிப்பாக எடுத்து மனைவிக்குச் சம பங்கு கொடுத்த சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு 2023 ஜூனில் வந்தது. அது ஒரு வழக்கின் சாட்சியங்களை வைத்து வந்தது, தானாக ஓடும் விதி இல்லை. மனமொத்த விவாகரத்தில் இருவரும் ஒப்புக்கொள்ளும் எந்தப் பங்கீடும் செல்லும். அதனால் கணக்கு இருவருக்கும் நியாயமாகத் தெரிவது முக்கியம்.

விலை 82, கடன் 36, மிச்சம் 46 லட்சம். முன்பணத்தை முதலில் திருப்பி எடுங்கள்: கணவருக்கு 8, மனைவிக்கு 6. அப்பா கொடுத்தது மகளுக்குத்தான், மருமகனுக்கு இல்லை என்று கொள்வது நடைமுறை. மீதி 32-இல் ஆளுக்கு 16. கணவர் பங்கு 24, மனைவி பங்கு 22.

அடுத்து, ஃப்ளாட்டை வைத்துக்கொள்பவர் தலையில் மறைந்திருக்கும் வரி. 82-இல் 58 கழித்தால் லாபம் 24 லட்சம். நீண்டகால மூலதன ஆதாய வரி 12.5% என்று வைத்தால், அதன்மேல் 4% செஸ் என்ற கூடுதல் வரி, ஆக 3.12 லட்சம் (2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடு என்பதால், பணவீக்கச் சரிக்கட்டலோடு 20% என்ற பழைய முறையில் வரி குறைவாக வந்தால் அந்தக் குறைந்த தொகைதான்). இன்று விற்கவில்லை என்றாலும் அந்தச் சுமை இருக்கிறது. பாதி 1.56-ஐக் கணவர் பங்கில் கழிக்க வேண்டும். பிஎஃப்-ஐ இன்னொருவர் கணக்குக்கு மாற்ற வழியே கிடையாது. கணக்கில் மட்டும் சேர்த்து வேறு சொத்தில் ஈடுகட்ட வேண்டும். வித்தியாசம் 5 லட்சம், பாதி 2.5. ஆக 24 - 1.56 - 2.5 = 19.94. சுமார் 20 லட்சம் மனைவி கணவருக்குத் தர வேண்டும்.

82 என்ற எண்ணை இருவரும் நம்ப வேண்டும். வங்கிப் பட்டியலில் உள்ள மதிப்பீட்டாளர் ஒருவரிடம் எழுத்தில் வாங்குங்கள். தரகர் வாய்ச்சொல்லை வைத்துப் போட்ட கணக்குகள்தான் மூன்றாம் மாதம் உடைகின்றன.

வரிச்சுவடி

நடுவீதியின் கணக்கில் ஒரு திருத்தம். பணம் எதுவும் வாங்காமல் எழுதிக் கொடுத்தால் மட்டுமே 3.12 முழுவதும் மனைவி தலையில் போகும். தானமாக வந்த சொத்துக்குப் பழைய உரிமையாளரின் வாங்கிய விலையே தொடரும்.

இங்கே பணம் கைமாறுகிறது. வருமான வரித்துறை இதைப் பங்கு விற்பனையாகப் பார்க்கலாம். கணவருக்கு 20 லட்சம் பணம், அவர் தலையிலிருந்து இறங்கும் பாதிக் கடன் 18, ஆக 38. அவர் பாதியின் அசல் 29. லாபம் 9 லட்சம், செஸ்ஸோடு வரி 1.17 லட்சம், இந்த வருடமே. அப்போது மனைவியின் வாங்கிய விலை 29 + 38 = 67 ஆகிவிடும். பின்னால் 82-க்கு விற்றால் லாபம் 15, வரி 1.95. இரண்டையும் கூட்டினால் அதே 3.12 தான். யார் எப்போது கட்டுகிறார் என்பதுதான் மாறுகிறது. ஆகவே ஆளுக்கு 1.56 என்ற நியாயம் நிற்க வேண்டுமானால் கணவருக்குக் கழிக்க வேண்டியது 0.39 மட்டும். தொகை சுமார் 21 லட்சமாகும், அவர் தன் வரியைத் தானே கட்டுவார். வேறு வீடு வாங்கினால் அந்த வரிக்கு விலக்கும் கேட்கலாம்.

தீர்ப்புக்குப் பின் பணம் வாங்காமல் எழுதினால் இன்னொரு ஆபத்து. முன்னாள் கணவர் சட்டப்படி 'உறவினர்' இல்லை. 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சொத்து இலவசமாக வந்தால் பெறுபவருக்கு அது வருமானம். பத்திரக்கட்டு சொன்ன வரிசையை இதுவும் உறுதிப்படுத்துகிறது.

தீர்ப்புக்கு முன் மனைவிக்கு மாற்றினால் அதன் வருமானம் கணவர் கணக்கில் சேர்க்கப்படுமே என்ற சந்தேகம் வரும். பிரிந்து வாழும் ஒப்பந்தத்தின் பேரில் நடந்த மாற்றத்துக்கு அந்த விதி பொருந்தாது. ஒப்பந்தத் தேதி பத்திரத் தேதிக்கு முன்னால் இருக்க வேண்டும், பத்திரத்தில் அந்த ஒப்பந்தத்தைக் குறிப்பிடவும் வேண்டும். ஜீவனாம்சம் ஒரே தொகையாக வந்தால் மூலதன வரவு, வரி இல்லை என்பது நிலைத்த கருத்து. மாதாமாதம் வந்தால் பெறுபவரின் வருமானம். கொடுப்பவருக்கு இரண்டிலும் கழிவு கிடையாது.

நடுவீதி

திருத்தம் சரி. 21 என்றே வைத்துக்கொள்ளலாம்.

நகையைச் சேர்த்துக்கொள்ளாததற்குக் காரணம் உண்டு. அது பங்கு போடும் பொருளே இல்லை. பிறந்த வீட்டில் போட்டது, புகுந்த வீட்டில் அவருக்கென்று போட்டது, தாலி உட்பட எல்லாம் அந்தப் பெண்ணின் சீதனம். கணவர் கையில் இருந்தால் அவர் காப்பாளர் மட்டுமே என்று 1985-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. மாப்பிள்ளைக்குப் போட்ட சங்கிலியும் மோதிரமும் அவருடையவை.

அடகில் உள்ள 20 பவுன், அதாவது 160 கிராம், கணவர் பெயரில் இருப்பதால் மீட்க அவர்தான் போக வேண்டும். அந்தப் பணம் வீட்டுச் செலவுக்கோ ஃப்ளாட்டுக்கோ போயிருந்தால் அசலும் வட்டியும் ஆளுக்குப் பாதி. அவருடைய தனித் தேவைக்குப் போயிருந்தால் முழுவதும் அவர் பொறுப்பு. மீட்டபின் இருவரும் சேர்ந்து லாக்கர் திறந்து ஒவ்வொரு உருப்படிக்கும் மொத்த எடை, கல் கழித்த எடை, ஹால்மார்க்கின் ஆறு எழுத்து அடையாள எண், ஒரு படம் என்று பட்டியல் எழுதி இரண்டு பிரதியில் கையெழுத்துப் போடட்டும். "நகைகள் அனைத்தும் பெறப்பட்டன" என்ற வரி வழக்கமாக மனுவில் முதல் நாளே ஏறிவிடுகிறது. கைக்கு வராமல் அந்த வரியில் கையெழுத்துப் போடக் கூடாது. அடகு நகை இன்ன தேதிக்குள் மீட்டுத் தரப்படும் என்று எடையோடு தனி வரியாக எழுதுங்கள்.

கிணற்றடி

இவ்வளவு சிக்கல் எதற்கு? ஃப்ளாட்டை மகள் பெயருக்கு எழுதிவிட்டால் இருவருக்கும் மனக்குறை இல்லையே. பெரியவர்கள் பலரும் அப்படித்தானே சொல்கிறார்கள்.

பத்திரக்கட்டு

நல்ல எண்ணம்தான் அண்ணா, ஆனால் பெண்ணைப் பெற்றவளின் கையைக் கட்டிவிடும். மைனர் பெயரில் உள்ள சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ நீதிமன்ற அனுமதி வேண்டும், 1956-ஆம் வருட இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டம் பிரிவு 8. மகளுக்கு இப்போது 6 வயது. 12 வருடத்துக்கு அந்த ஃப்ளாட்டை வைத்து வேறு ஊருக்கு மாறவும் முடியாது, மருத்துவச் செலவுக்குக் கடன் வாங்கவும் முடியாது. 36 லட்சம் கடன் நிற்கும்போது வங்கியும் ஒப்பாது. மகளின் பங்கு உறுதியாக இருக்க வேண்டுமென்றால் அம்மா பெயரில் ஃப்ளாட், மகளுக்காகத் தனியாக வைப்புத்தொகை.

சாட்சிக்கூண்டு

மகளைப் பற்றிய விதிகளை எழுதும்போது கூடுதல் கவனம் வேண்டும். மனைவி தனக்கு ஜீவனாம்சம் வேண்டாம் என்று எழுதலாம். மகளின் பராமரிப்பை எழுதிக் கொடுக்க அவருக்கு உரிமை இல்லை, அது மகளுடையது. அதனால் "21 லட்சத்தில் குழந்தைச் செலவும் அடக்கம்" என்று ஈடுகட்டி எழுதுவது பின்னால் நிற்காது. காவல், பார்வை, செலவு குறித்த எந்த உத்தரவையும் சூழ்நிலை மாறினால் மாற்றக் கேட்கலாம், இந்துத் திருமணச் சட்டம் பிரிவு 26.

"பள்ளிச் செலவைப் பகிர்ந்துகொள்வார்கள்" என்ற வரியால் பயனில்லை. எத்தனை சதவீதம், பேருந்து, சீருடை, டியூஷன் சேர்த்தா, எந்தத் தேதிக்குள், வருடத்துக்கு எத்தனை சதவீதம் உயர்வு, எந்தக் கணக்குக்கு என்று எழுதுங்கள். பொங்கல், தீபாவளி, கோடை விடுமுறை மூன்றும் யாரிடம் என்று வருட வாரியாக. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் இன்னொருவர் எத்தனை நாளில் கையெழுத்திட வேண்டும் என்பதும் இருக்கட்டும்.

கடல்தாண்டி

வெளிநாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வரி: விடுதலைப் பத்திரத்துக்காக அனுப்பும் பவர் பத்திரம் இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று, இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்தப்பட வேண்டும். தாமதத்தால் பதிவுத் தேதி தவறி, தீர்ப்பு முந்திவிட்டால் மேலே சொன்ன 7% தான். தேதியைப் பின்னோக்கி எண்ணி அனுப்புங்கள்.

கிறிஸ்தவத் திருமணம் என்றால் 1869-ஆம் வருடச் சட்டம் பிரிவு 10-ஏ, 1954-ஆம் வருடச் சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் நடந்த திருமணம் என்றால் அந்தச் சட்டத்தின் பிரிவு 28. முத்திரைச் சலுகை எல்லோருக்கும் ஒன்றே.

வட்டிக்கணக்கு

கடைசியாக, தீர்ப்பு கைக்கு வந்த வாரத்துக்கான வேலைகள். சான்றிட்ட நகலுக்கு அன்றே மனு போட்டு மூன்று பிரதி வாங்குங்கள். விவாகரத்து ஆனதால் நாமினி தானாக மாறாது, எழுதிவைத்த உயிலும் தானாக ரத்தாகாது. வங்கி, பிஎஃப், மியூச்சுவல் ஃபண்டு, காப்பீடு ஒவ்வொன்றிலும் தனித்தனியே மாற்ற வேண்டும்.

ஒரு விதிவிலக்கு: 1874-ஆம் வருடத் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் மனைவி பெயருக்கு எடுத்த ஆயுள் காப்பீடு. அது அறக்கட்டளை மாதிரி, விவாகரத்துக்குப் பிறகும் கணவரால் தன்னிச்சையாக மாற்ற முடியாது. பாலிசியின் முதல் பக்கத்தில் அந்தச் சட்டத்தின் பெயர் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள், இருந்தால் பிரீமியம் யார் கட்டுவது என்பதையும் ஒப்பந்தத்தில் சேருங்கள்.

குடும்ப மருத்துவக் காப்பீட்டில் ஒருவர் வெளியேற வேண்டியிருக்கும். புதுப்பிக்கும் தேதிக்கு 45 நாள் முன்பே மாற்றக் கேட்டால் பழைய காத்திருப்புக் காலம் கணக்கில் வரும், பாலிசி முறிந்தபின் கேட்டால் வராது. சொத்து வரி, மின் இணைப்பு, குடியிருப்போர் சங்கப் பதிவு மூன்றிலும் பெயர் மாற்றம். கூட்டுக் கணக்கை மூடும் முன் அதில் ஓடும் தானியங்கிப் பிடித்தங்களைப் பட்டியல் எடுங்கள். வீட்டுக் கடன் இஎம்ஐ பெரும்பாலும் அந்தக் கணக்கில்தான் இருக்கும், அது புதுக் கணக்குக்கு மாறி ஒரு தவணை போனதைப் பார்த்தபின் மூடுங்கள்.

வெள்ளைத்தாள்

மிக்க நன்றி. வரிசையை இப்படி எழுதி அவர்களிடம் கொடுக்கிறேன்: முதலில் மனைவியின் கடன் தகுதியை வங்கியில் கேட்பது, மதிப்பீடு, ஒப்பந்தம், மனு. இரண்டு மூன்றாம் மாதத்தில் கடன் ஒப்புதல், நான்காம் மாதத்தில் நகை மீட்பும் லாக்கர் பட்டியலும், ஆறாம் மாதம் இரண்டாம் முறை ஆஜராகும் தேதிக்கு முந்தைய வாரம் விடுதலைப் பத்திரம். விடுபட்டிருந்தால் சொல்லுங்கள்.

பத்திரக்கட்டு

ஒன்று. பதிவுக்கு முந்தைய நாள் புதிதாக வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். டோக்கனைப் பதிவுத்துறை இணையதளத்தில் முன்பே போட்டுவிடுங்கள், முகூர்த்த நாளில் இடம் கிடைக்காது.